மாடியில் டிரில் சத்தம்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துச் சிறுகீரை ஆய்ந்துகொண்டிருந்த கமலவேணி, கையிலிருந்த தண்டை ஒடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பது கண்ணுக்குத் தெரியப்போகிறதா என்ன, ஆனாலும் பார்த்தாள். மேலே மொட்டை மாடியில் அவள் வீட்டுக்காரர் நஞ்சப்பன் டிரில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று வந்ததிலிருந்து, ஓடாமல் போன வீட்டுச் சாமான்களை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஓட்டை போட்டு, மண் நிரப்பி, செடி வைப்பதுதான் மனிதருக்கு வேலையும் விளையாட்டும். ஒண்டிப்புதூரில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் பிரிட்ஜில் கீரை போட்ட வீடு என்று கை காட்டிவிடுவார்கள். இப்போது அவள் மடியில் கிடக்கிற கீரையே அந்தப் பிரிட்ஜில் முளைத்ததுதான். ஆக டிரில் சத்தம் இந்த வீட்டுக்குக் குக்கர் விசில் மாதிரி, காதில் விழும், மனசில் விழாது. இன்றைக்கு விழுந்துவிட்டது. ஏனென்றால் இத்தனை வருஷத்தில் அவளுக்கு அந்தச் சத்தத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் என்றால் ஒரு முனகல்தான், பொசுக்கென்று உள்ளே இறங்கிவிடும். தகரம் என்றால் உடம்பெல்லாம் கடகடவென்று ஆடும், தெருநாய் குரைக்கும். இது இரண்டும் இல்லை. இது பல் கூசக் கத்துகிறது, நிற்கிறது, நிற்கிற நேரத்தில் அவர் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுகிறார், மறுபடியும் கத்துகிறது. இது ஸ்டீல். நல்ல கனமான ஸ்டீல். மாடியில் இனிமேல் ஓட்டை போடுவதற்கு ஸ்டீல் சாமான் எதுவும் பாக்கி இல்லை, நேற்றுக்கூடப் பார்த்தாள், பிறகு எதில் போடுகிறார்.

எழுந்து போய்ப் பார்த்தால் தீர்ந்தது. முழங்கால் வலிக்கிறது என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள், காலையில் துணி காயப்போட அதே முழங்காலோடுதான் மாடிக்குப் போய் வந்தாள் என்பதைக் கண்டுகொள்ளாமல். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மிக்ஸி மேடையில் இருக்கிறது, ஜார்கள் கவிழ்ந்திருக்கின்றன. குக்கர் அடுப்பில். தண்ணீர் ஃபில்டர் சுவரில், பச்சை விளக்கு எரிகிறது. இட்லிக் குண்டா அலமாரிக்குக் கீழே. கெட்டில், ஆமாம், கெட்டில் இருக்கிறது, புதுக் கெட்டில். அதைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எல்லாம் இருக்கிறது, அப்புறம் என்ன, யாராவது வந்து எதையாவது கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், நான் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து. அப்படித்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள், அண்ணா இதுக்குக் காலம் முடிஞ்சுபோச்சு, உங்க தோட்டத்துக்கு ஆகுமா என்று கேட்டுக்கொண்டே. அவருக்கு முகம் எப்படி மலரும். முதல்முதலில் அவர்கள் வீட்டு வாஷிங் மிஷின் மோட்டார் போய், பழைய இரும்புக்காரன் வாசலில் தராசோடு வந்து நின்றபோது, உள்ளே இருந்த டிரம்மை உருவி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பாரு புள்ள, கம்பெனிக்காரனே ஓட்டை போட்டுக் குடுத்திருக்கறான், நாம மண்ணு போட்டாப் போதும் என்று சின்னப் பையன் மாதிரிச் சிரித்தாரே, அங்கே ஆரம்பித்தது. அந்த டிரம்மில் வைத்த எலுமிச்சை இன்றைக்குத் தெருவுக்கே ஊறுகாய் போடுகிறது. அப்புறம் பிரிட்ஜ், கதவைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வைத்து. ஏர்கூலர் தொட்டியில் புதினா. ஃபேன் கூடுகளைச் சுவரோடு கட்டி அதில் அவரைக்கொடி. பழைய பெட்டி டிவியின் வயிற்றுக்குள் கற்பூரவல்லி, எட்டிப் பார்த்தால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். எதிர் வீடு, பின் வீடு, கோயில் வீதி என்று எங்கெங்கிருந்தோ வந்த கிரைண்டர் பானைகளில் மல்லிகை, கைப்பிடிச் சுவர் மேலே வரிசையாக. அந்த மல்லிகை பூக்கிற மாதத்தில் அவள் தலைக்குப் பூ வாங்கியதே இல்லை. சத்தம் நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். எண்ணெய் விடுகிறார். மறுபடி.

அவருக்கென்று ஒரு முறை உண்டு, அதுதான் இப்போது அவளைக் குடைகிறது. கரண்ட் கொடுத்துப் பார்க்காமல் எதிலும் கை வைக்கமாட்டார். ஹாலில் இருக்கிற பிளக்கில் மாட்டிப் பார்ப்பார். அது சரியில்லையோ என்று சமையலறைப் பிளக்கிலும் மாட்டிப் பார்ப்பார். பிறகு ஒயரைப் பிரித்து, மீட்டர் வைத்து, மோந்தும் பார்ப்பார். உசுரு இருக்கறப்ப ஓட்டை போட்டா அது கொலைதானே என்பார், சிரிக்காமல். செத்தது உறுதி என்று ஆன பிறகு, ஆயுத பூஜைக்கு வைக்கிற மாதிரியே அதன் நெற்றியில் சந்தனம் தடவி நடுவில் ஒரு குங்குமம் வைப்பார், கடைசிப் பொட்டு, அதற்கப்புறம்தான் டிரில்லை எடுப்பார். கம்பெனியில் பழைய லேத் மிஷினை ஏலத்துக்கு அனுப்பும்போது அவர்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்களாம். அவள் ஒரு தடவை கேலி பண்ணினாள். எனக்கும் இப்படித்தான் பிளக் மாட்டிப் பாத்துட்டுத்தான் பொட்டு வெப்பீங்களா என்று கேட்டாள். உன்னய எதுல மாட்டறது, நீயே ஒரு டிரான்ஸ்பார்மர் என்றார். அப்படிப் பேசுகிற மனுஷன். அப்படி மூன்று தடவை பார்த்துத்தான் ஒரு காரியத்தில் இறங்குகிற மனுஷன். அந்த மனுஷன்தான் எதிர் வீட்டு ஜமீலா ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியில் கற்பூரவல்லி வைத்துவிட்டார். ரிப்பேருக்கு வருவதெல்லாம் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற பலகையில் உட்காரும், செடிக்கு வருவதெல்லாம் நேரே மேலே போகும், இரண்டையும் அவர் ஒருநாளும் கலந்ததில்லை. ஜமீலா வந்து, அண்ணா மிக்ஸி ரெடியா, தேங்காய் அரைக்கோணும் என்று கேட்டபோது, அவளை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டியதாயிற்று. ஜமீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கமலவேணி சிரித்தாள். அவரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. புது மிக்ஸி வாங்கிக் கொடுத்தாயிற்று, தெருவுக்கு ஒரு கதையும் கிடைத்துவிட்டது. ஆனால் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் ரசத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார். அவள் என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை, ரசம் ஆறுகிறது என்று மட்டும் எதற்குச் சொன்னாள்.

அதற்கப்புறம்தான் கெட்டில். அதை நினைக்கக்கூடாது என்றுதானே கண்ணைத் திருப்பினாள், அது பின்னாடியே வந்து நிற்கிறது. அன்றைக்குக் காலையில் அவள் அதில் வெந்நீர் வைத்தாள், அவரும் அதே வெந்நீரைக் குடித்துவிட்டுத்தான் மாடிக்குப் போனார். மத்தியானம் பார்த்தால் கெட்டில் இல்லை. வத்தல் எடுக்க மேலே போனவள் கண்ணில் பட்டது, அடியில் ஓட்டையோடு, மண்ணோடு, பக்கவாட்டில் சந்தனமும் குங்குமமுமாக. கொத்தமல்லி விதை தூவித் தண்ணீரும் தெளித்திருந்தார். அவர் புதினாவுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்த்து, கொத்தமல்லிக்குச் சரியான அளவு பாத்தியா என்றார், பெருமையாக. அவள் ஆமாங்க என்றாள். கீழே இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, கடைவீதிக்குப் போய் அதே மாதிரிக் கெட்டில் ஒன்று வாங்கிவந்து அதே இடத்தில் வைத்துவிட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தாள். சாயங்காலம் அவர் சமையலறைக்கு வந்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே போனார். கீழே வந்தார். ஏம்புள்ள, நம்மகிட்ட ரெண்டு கெட்டிலா இருந்துச்சு என்றார். இருந்துச்சுங்க, ஒண்ணு ஓடல, பரண்ல கெடந்துச்சு என்றாள் அவள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், கத்திகூடத் தடுக்கவில்லை. அவர் சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார், அந்தச் சரியில் எவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தானே சொன்னேன், வேறு எதற்குச் சொன்னேன், எனக்கென்ன அவரை ஏமாற்ற ஆசையா. ஆனாலும் அந்த இருந்துச்சுங்க மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி, சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினாலும் இறங்காமல் நிற்கிறது.

போன் அடித்தது. கீரையைத் தள்ளிவிட்டு எடுத்தாள். நித்யா. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற ஒரே மகள், வேலை நடுவே டீ குடிக்கிற நேரத்தில் தினமும் கூப்பிடுவாள்.

"என்னம்மா அங்க ஒரே சத்தம்?"

"பக்கத்து ஊட்ல கிரில் வேலை நடக்குது கண்ணு." இதுவும் சுலபமாகத்தான் வந்தது.

"அப்பா எங்க?"

"மேல தண்ணி விட்டுட்டு இருக்கறாரு."

"நான் நாளைக்குச் சாயங்காலம் வந்தர்றேன். அதுக்கு அடுத்த நாள் காலைல நரம்பு டாக்டர். அப்பாகிட்டச் சொல்லீட்டியா இல்லியா?"

"சொல்றேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. ஜமீலாக்கா எங்கிட்டச் சொன்னாங்கம்மா, அந்த மிக்ஸி கதைய. சிரிச்சுட்டுத்தான் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரல. வேற ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல."

"ஆச்சுன்னாச் சொல்லிரு. டிரில்லு, கரண்டு, ஒயருன்னு மேல தனியா இருக்கறாரு. இன்னொரு தடவை இப்பிடி ஏதாச்சும் ஆச்சுன்னா மாடிக் கதவப் பூட்டிச் சாவிய நான் எடுத்துட்டு வந்துருவேன். ரெண்டு பேரும் எங்கூட வந்து இருங்க. எங்க ஃபிளாட்ல லிஃப்ட் இருக்குது, பார்க் இருக்குது."

"செடிக?"

"செடிய யாருக்காச்சும் குடும்மா. செடியா முக்கியம்?" மகள் குரல் கொஞ்சம் உடைந்தது, சரிசெய்துகொண்டாள். "சரி, அத விடு. மாவு ஆட்டீட்டியா? வந்தா எனக்கு உன்ற இட்லிதான் வேணும்."

"ஆட்டீட்டேன் சாமி, நேத்தே ஆட்டி வெச்சுட்டேன், காலைல கிரைண்டரக் கழுவி…" அந்த இடத்தில் கமலவேணியின் நாக்கு நின்றுவிட்டது.

கதவுக்குப் பின்னால் கிரைண்டர் நிற்கிற மூலையை எட்டிப் பார்த்தாள். மோட்டார் பெட்டி நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய பானை இல்லை. இல்லாமல் எங்கே போகும், அவள்தான் காலையில் கழுவி, துணி வாளியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய், நல்ல வெயில் காயட்டும் என்று கைப்பிடிச் சுவர் மேலே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். கைப்பிடிச் சுவர் மேலே. மல்லிகைப் பானைகளின் வரிசையில், கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது, அங்கே. மேலே டிரில் பல் கூசக் கத்தியது.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கறேன். கீரை அடுப்புல இருக்குது, அடி புடிச்சிரும், வெக்கறேன்." கீரை முறத்தில் பச்சையாகக் கிடந்தது.

இப்போது எழுந்துவிட்டாள். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் சமையலறையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றினாள். குக்கருக்குத் தீயைக் குறைத்தாள், கூட்டினாள், மறுபடியும் குறைத்தாள். மூளை கிரைண்டரைவிட வேகமாக ஓடியது. தப்பு என்னுடையதுதான். யாராவது அங்கே கொண்டுபோய் வைப்பார்களா. பானையோடு பானையாக வைத்தால் யாருக்குத்தான் தெரியும், நானே இருட்டில் பார்த்தால் எடுத்து மண் போட்டிருப்பேன், நித்யா பார்த்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள், இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு, ஒரு மனுஷன் அசந்து ஒரு பானையை மாற்றி எடுத்துவிட்டால் நரம்பு டாக்டரா. அப்படி நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஒரே ஒரு நிமிஷம்தான். ஈரம் காயாத பானை அது. வாசலில் யாரிடமும் வாங்காமல், யாரும் கொண்டுவந்து கொடுக்காமல், மோட்டார் இல்லாமல், தலை மட்டும் தனியாக ஒரு கிரைண்டர் தன் மாடிக்கு எப்படி நடந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டாமா. பிளக் மாட்டிப் பார்க்காமல் தொடமாட்டேன் என்பவர் எதை மாட்டிப் பார்த்தார். அந்தப் பானையைத் தூக்கித் திருப்பினால் அடியில் இருக்கிற நசுங்கல் தெரியும், போன பொங்கல் நோம்பிக்கு முந்தின நாள் கைதவறிக் கீழே போட்டு, அவரே ரப்பர் சுத்தியால் தட்டிச் சரிபண்ணிக் கொடுத்தார். தான் தட்டிய தட்டு தனக்குத் தெரியாதா. நசுங்கலைத் தடவிப் பார்த்திருப்பார், தடவிப் பார்த்துவிட்டும் பொட்டு வைத்திருப்பார். இப்படி வந்து நின்றதும் மேடையைப் பிடித்துக்கொண்டாள். பயந்தாள், வேறு வார்த்தை இல்லை அதற்கு, பயந்தாள். நாளைக்கு இது கேஸ் சிலிண்டராக இருந்தால். ஃபில்டராக இருந்தால்கூடப் பரவாயில்லை, தண்ணீர்தான் கொட்டும். கரண்ட் ஓடுகிற எதையாவது பிளக்கோடு வைத்து ஓட்டை போட்டால். அவர் கையை நினைத்தாள், நகத்தில் எப்போதும் கிரீஸ் கறுத்திருக்கிற கை, இப்போது கிரீசுக்குப் பதில் மண். கல்யாணமான புதிதில் அந்தக் கையைப் பார்த்து அவள் முகம் சுளித்தாள், அதற்காக அவர் வேலை விட்டு வரும்போது மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு வருவார், வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். அதை ஏன் இப்போது நினைக்கிறேன்.

சரி, வழி என்ன. அதே கம்பெனிப் பானை ஒண்டிப்புதூரில் கிடைக்காதா, கிரைண்டருக்குப் பேர் போன ஊரில் கிரைண்டர் பானைக்கா பஞ்சம். நித்யா வருவதற்குள் வாங்கி மாட்டிவிடலாம். நித்யாவுக்குத் தெரியப்போவதில்லை. அவருக்கும் தெரியப்போவதில்லை. இது ஏற்கெனவே போனதுங்க, மோட்டார் எரிஞ்சுபோச்சு, நாந்தான் மேல கொண்டாந்து வெச்சேன் என்று சொல்லிவிடலாம். சரி என்று தலையை ஆட்டுவார். அந்தச் சரி இருக்கிறதே, அது இன்றைக்கு அவளைப் பயமுறுத்தியது. கெட்டில் சமாச்சாரத்துக்குப் பிறகு அவர் ஒன்றிரண்டு தடவை அவளிடம் வந்து, இது நம்முளுதுதானே, இது எத்தனை இருக்குது என்று கேட்டதை அவள் கேலியாக எடுத்துக்கொண்டாள், வயசாச்சுல்ல என்றாள். அவர் கேலிக்குக் கேட்கவில்லை. அவர் கால் வைக்கிற இடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார், அவள்தான் அந்த இடத்தில் எல்லாம் கல்லை உருவிக்கொண்டிருந்தாள். இல்லை இல்லை, அப்படி இல்லை, அவர் வருத்தப்படக்கூடாது என்று. யார் வருத்தப்படக்கூடாது. மாடிக் கதவைப் பூட்டிவிட்டால் இவர் அந்த ஃபிளாட்டின் பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டியவள் நான்தானே. அந்தக் காட்சியைத்தான் நான் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். குக்கர் விசில் அடித்தது, அவள் திடுக்கிட்டாள். அந்த விசில் அடங்கின பிறகு கவனித்தாள், மேலே சத்தம் நின்று நேரமாகிவிட்டது. எண்ணெய் விடுகிற நேரத்தைவிட அதிகமாக. ஒரு சத்தமும் இல்லை. ஆடிக் காற்றில் துணி படபடக்கிறது மட்டும் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. அதுவரை சத்தத்துக்குப் பயந்தவள் இப்போது சத்தம் இல்லாததற்குப் பயந்தாள். அடுப்பை அணைத்தாள். முழங்கால் ஞாபகமே வரவில்லை, படியில் கால் இரண்டு இரண்டாக ஏறியது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சை நிழலில் குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதங்களுக்கும் நடுவில் அவளுடைய கிரைண்டர் பானை இருந்தது. அடியில் இருக்கிற கல்லுக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரே இடைவெளியில் ஓட்டைகள், ஒவ்வொன்றும் கம்பெனியில் போட்டது போலச் சுத்தமாக, விளிம்பில் பிசிறுகூட இல்லாமல். பக்கவாட்டில் சந்தனம் இன்னும் காயவில்லை, அதன் நடுவில் குங்குமம். சுருள் சுருளாக ஸ்டீல் சீவல் தரையில் மின்னியது. டிரில் மடியில் கிடந்தது. அவர் பானையைப் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"இதுல மாவு ஒட்டீட்டு இருக்குது" என்றார். "விளிம்புக்கு உள்ளார. மோந்து பாத்தேன். புளிச்ச வாசம் வருது. பழைய மாவு இல்ல."

காற்று சேலைத் தலைப்பை முகத்தில் கொண்டுவந்து அடித்தது, அதை ஒதுக்கினாள்.

"வேணி" என்றார். பேர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வழக்கமே இல்லை. "இது ஓடீட்டு இருந்ததா?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மோட்டார் எரிஞ்சுபோச்சுங்க. நாலு வார்த்தைகூட இல்லை. சொல்லிவிட்டால் அவர் முகம் தெளிந்துவிடும், மண்ணைக் கொட்டுவார், சாயங்காலத்துக்குள் ஒரு மல்லிகைப் பதியன் ஊன்றிவிடுவார். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னாலும் நம்பப்போகிற பார்வை அது. இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. எதையும் மீட்டர் வைத்துப் பார்க்கிற மனுஷன், இன்றைக்கு அவளை நம்பி உட்கார்ந்திருக்கிறார்.

"ஓடீட்டு இருந்ததுங்க" என்றாள்.

"நேத்து?"

"நேத்து இதுலதான் மாவாட்டுனேன். காலைல கழுவி இங்க காய வெச்சேன். அந்தப் பானைக வரிசையிலயே வெச்சுட்டேன், என்ற புத்தி."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "நீ எங்க வெச்சா என்ன. நான் பாக்கோணுமல்ல." பிறகு, "அந்தக் கெட்டில்?" என்றார்.

"அதுவும் ஓடீட்டுத்தான் இருந்துச்சு."

"ரெண்டு இருந்துச்சுன்னு சொன்னியே."

"பொய் சொன்னேனுங்க. புதுசு நான் போயி வாங்கி வெச்சது." அழுதுவிடுவோம் என்று நினைத்தாள், அழுகை வரவில்லை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் கொத்தமல்லி வளர்ந்து நிற்கிற கெட்டில் பக்கம் பார்த்தார். "நீ சொன்னதுக்கப்புறம் எனக்கு ஞாபகமே வந்துருச்சு புள்ள" என்றார். "ரெண்டாவது கெட்டில எந்தக் கடையில வாங்குனோம்னு. கடைக்காரன் மொகங்கூட. மழை பேஞ்சுட்டு இருந்துச்சு, நாம உள்ள நின்னுட்டு இருந்தோம். அத நெனச்சுப் பாத்து, பரவால்ல, நமக்கு நெனப்பு நல்லாத்தான் இருக்குதுன்னு இருந்தேன்."

கமலவேணி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சீவல் தொடையில் குத்தியது, நகரவில்லை. நித்யா நாளைக்கு வருகிறாள் என்றாள். டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள் என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள், சாவியையும் ஓசூரையும்கூட விடாமல் சொன்னாள். அவர் எதற்கும் மறுத்துப் பேசவில்லை. போவோம் என்றார். பிறகு எழுந்து சுவரோரம் போய் டிரில்லின் பிளக்கைப் பிடுங்கினார். முனையில் இருந்த பிட்டைக் கழற்றி, பனியனில் துடைத்து, அதன் பெட்டியில் அதன் பள்ளத்தில் வைத்து மூடினார். ஒயரை மடக்காமல் முழங்கையைச் சுற்றிச் சுற்றி வளையமாக்கி, நுனியால் கட்டி, டிரில்லையும் பெட்டியையும் அவளிடம் நீட்டினார்.

"இத எங்காச்சும் வெச்சிரு" என்றார். "எனக்குத் தெரியாத எடத்துல."

அவள் எழுந்து வாங்கிக்கொண்டாள். டிரில் இன்னும் சூடாக இருந்தது. எங்கே வைப்பது. பரண் அவர் அடித்தது. பீரோவுக்குப் பின்னால் இருக்கிற இடம் அவர் அளந்து விட்டது. அரிசி டிரம்முக்கு அடியில் சக்கரம் மாட்டியது அவர், கட்டில் காலுக்கு ரப்பர் மாட்டியது அவர், பாத்ரூம் மேலே தண்ணீர் டேங்க் இடுக்குக்குக் கதவு வைத்தது அவர். அவள் அசையாமல் நிற்பதை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"இப்பவே போ" என்றார். "எந்தப் பக்கம் போறேன்னு நான் பாக்கல." சொல்லிவிட்டு எலுமிச்சைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பியது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டார்.